கருவிழிப் புண்ணுக்குப் பாலிமர் மருந்து: கண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை அழிக்கவல்ல பாலிமர்களை, அதாவது சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து அமைந்த பெரிய மூலக்கூறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். இத்தகைய செய்தி தமிழில் வருவதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கண் நோய்த்தொற்றுகளுக்கும் இவை உதவக்கூடும் என்று அக்கட்டுரை போகிற போக்கில் ஒரு வரி மட்டும் சொல்லிச் சென்றதும், இவற்றுக்கு எதிராக பாக்டீரியாக்களால் எதிர்ப்புத்திறன் பெறவே இயலாது என்று உறுதிபடக் கூறியதும் என்னை இக்கடிதம் எழுதவைத்தன. முதலாவது, சொல்ல வேண்டியதில் மிகச் சிறிய பகுதி. இரண்டாவது, சொல்லியிருக்கக் கூடாதது. உடலின் வேறெந்தப் பகுதிக்கும் முன்பாக இந்த மருந்துகள் கண்ணில்தான் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் கண் நோய்த்தொற்றுகளுக்கான நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தவன். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலமான கருவிழியில் வரும் புண்ணின் ஓரத்திலிருந்து மருத்துவர் சுரண்டி எடுத்துத் தரும் பொருள் ஒரு குண்டூசித் தலையளவுகூட இருக்காது. அதில் சிறிதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றிப் பார்த்துவிட்டு, எஞ்சியதை, கிருமிகளை வளர்க்கும் இரத்த அகார் தட்டின்மேல் பிறை வடிவில் வரிசையாகக் கீறி வைப்போம். கீறிய கோட்டின் மேலேயே வளர்ந்தால் அது கண்ணிலிருந்து வந்த கிருமி. கோட்டைவிட்டு விலகி முளைத்தால் காற்றிலிருந்து விழுந்தது. மறுநாள் காலை வளர்ப்புப் பெட்டியின் கதவைத் திறந்ததும், தட்டைக் கையிலெடுப்பதற்கு முன்பே, பழுத்த திராட்சையின் இனிப்பு வாடை முகத்தில் அடித்தால் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாதான் என்று தெரிந்துவிடும். பிறகு வெவ்வேறு மருந்துகள் தோய்ந்த காகித வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் உருவாகிறது என்று பார்ப்போம். வட்டமே இல்லாமல், வில்லையின் விளிம்பை முட்டிக்கொண்டு பசுமை படர்ந்த கிருமிப் படலம் நிற்கும் தட்டை நான் முதன்முதலில் பார்த்த நாளில் அது என் கைப்பிழை என்றே எண்ணிச் சோதனையை மீண்டும் செய்தேன். பணியின் இறுதி ஆண்டுகளில் அப்படி எண்ண வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று.

அந்தத் தட்டின் மறுபுறத்தில் ஒரு மனிதர் படுத்திருக்கிறார் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். சூடோமோனாஸ் சுரக்கும் நொதிகளும், அதை எதிர்த்து வரும் நம்முடைய வெள்ளணுக்கள் கொட்டும் நொதிகளும் சேர்ந்து அந்த மெல்லிய படலத்தைக் கரைக்கத் தொடங்கினால், கடுமையான நேர்வுகளில் ஓரிரு நாட்களுக்குள் அதில் துளையே விழுந்துவிடக்கூடும். அதனால்தான் தொடக்கத்தில் அரை மணிக்கொரு முறையோ, மணிக்கொரு முறையோ, இரவும் பகலும் உறங்கவிடாமல் சொட்டு மருந்து விடுகிறார்கள். சரியான மருந்து எது என்று தெரிவதற்கு ஆகும் இரண்டு மூன்று நாட்களில், தவறான மருந்தைச் சொட்டிக்கொண்டிருந்திருந்தால், பிறகு கிருமி ஒழிந்தாலும் பார்வை திரும்புவதில்லை. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நம் மக்கள் சொல்வது, புண் ஆறியபின் எஞ்சும் அந்த வெண்தழும்பைத்தான். கருவிழிப் புண்ணாலும் கண்ணில் படும் காயங்களாலும் உலகில் ஆண்டுதோறும் 15 முதல் 20 இலட்சம் பேர் ஒரு கண்ணின் பார்வையை இழக்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பின் இதழில் 2001-இல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது.

இனி பாலிமருக்கு வருகிறேன். வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் ஒவ்வொன்றும் பாக்டீரியாவுக்குள் ஒரு குறிப்பிட்ட உறுப்பைக் குறிவைப்பவை. கண் சொட்டு மருந்துகளில் பெரிதும் பயன்படும் ஃபுளூரோகுவினோலோன் வகை, மரபிழையின் (டிஎன்ஏ) முறுக்கைக் கையாளும் நொதிகளைப் பற்றி நிறுத்துகிறது; பெனிசிலின் குடும்பம் செல்சுவரைக் கட்டும் நொதியைத் தடுக்கிறது. அந்த நொதியின் வடிவம் சற்று மாறினாலோ, மருந்தைச் சிதைக்கும் இன்னொரு நொதியை பாக்டீரியா பெற்றுவிட்டாலோ மருந்து வீணாகிறது. பாலிமர்கள் குறிவைப்பதோ பாக்டீரியாவின் மேனியையே. அதன் சவ்வின் வெளிப்புறம் எதிர்மின்னூட்டம் மிகுந்தது. நம்முடைய செல்களின் சவ்வு வெளிப்புறத்தில் பெரும்பாலும் மின்நடுநிலையில் இருப்பதோடு, கொலஸ்டிரால் சேர்ந்து இறுகியும் இருக்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட நீண்ட பாலிமர்ச் சங்கிலி இரண்டுக்கும் நடுவே விடப்பட்டால் பாக்டீரியாவின் பக்கமே ஈர்க்கப்படுகிறது. ஒட்டிக்கொண்டபின் சங்கிலியிலுள்ள எண்ணெய்த்தன்மையான பகுதிகள் சவ்வுக்குள் புகுந்து அதைக் கிழிக்கின்றன. உள்ளிருப்பவை வெளியே கசிந்து பாக்டீரியா சாகிறது. ஆன்டிபயாட்டிக் பலமணி நேரம் எடுத்துக்கொள்ளும் வேலை இங்கே பல நேரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

இந்த உத்தி மனிதன் கண்டுபிடித்ததன்று. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922-இல் விவரித்த லைசோசைம் என்ற புரதம் நம் கண்ணீரில் நிறைந்திருக்கிறது. அதுவும் வலுவான நேர்மின்னூட்டம் கொண்டது. ஆப்பிரிக்கத் தவளையொன்றின் தோலிலிருந்து மைக்கேல் ஸாஸ்லாஃப் 1987-இல் பிரித்தெடுத்த மெகைனின் என்னும் சிறு புரதத்துண்டுகள், சவ்வைக் கிழிக்கும் இந்த வழியை ஆய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் இயற்கைப் புரதத்துண்டுகளை உடலின் நொதிகள் விரைவில் வெட்டிவிடுகின்றன. அவற்றைத் தயாரிப்பதும் செலவு மிக்கது. புரதத்தின் துல்லியமான வரிசை தேவையில்லை, மின்னூட்டமும் எண்ணெய்த்தன்மையும் சரியான விகிதத்தில் அமைந்த சங்கிலியே போதும் என்று வேதியியலாளர்கள் கண்டுகொண்டபோது பாலிமர்களின் கதை தொடங்கியது. வேலையைச் செய்து முடித்தபின் தானே சிதைந்துபோகும் பாலிமர் நுண்துகள்களை ஐபிஎம் ஆய்வகமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் இணைந்து 2011-இல் வெளியிட்டார்கள். மையத்திலிருந்து பல கிளைகள் விரியும் விண்மீன் வடிவப் பாலிமர்களை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் அறிவித்தார்கள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியே உருவாக்கித் தரும் எப்சிலான் பாலிலைசின் என்ற இயற்கைப் பாலிமர், ஜப்பானில் உணவு கெடாமல் காக்கப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகிறது.

அப்படியானால் இவை ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை? இரத்தத்தில் செலுத்தினால் இவை புரதங்களோடு ஒட்டி வீணாகின்றன. எண்ணெய்த்தன்மை சற்றே கூடிவிட்டால் சிவப்பணுக்களையும் கிழிக்கின்றன. சிறுநீரகத்துக்கும் ஊறு செய்யக்கூடும். இத்தகைய தடைகளில் பெரும்பாலானவை கருவிழியில் இல்லை என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. கருவிழியில் இரத்தக் குழாய்களே கிடையாது. நோய் கண்முன்னே, விளக்கொளியில், மருத்துவரின் பார்வைக்கு நேராக இருக்கிறது. மருந்தை இரத்தம் வழியே அனுப்ப வேண்டியதில்லை; புண்ணின் மேலேயே, இரத்தத்தில் எட்டவே முடியாத செறிவில் வைக்கலாம். எரிச்சலோ சேதமோ தென்பட்டால் உப்புநீரால் கழுவி நிறுத்தலாம். பெரிய மூலக்கூறுகள் கருவிழியின் மேற்புறத் தோலைத் தாண்டாது என்று சிலர் கூறும் தடை உண்மையானதுதான். ஆனால் புண் இருக்கும் இடத்தில் அந்த மேற்புறத் தோல் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கிறது. திசுவின் ஆழத்துக்குள் எவ்வளவு செல்லும் என்பதே அங்கு அளந்து பார்க்க வேண்டிய கேள்வி.

பாலிமர் கண்ணுக்குப் புதியதும் அன்று. கண் அறுவைக்கு முன் விடப்படும் பொவிடோன் அயோடினில் அயோடினைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுவிப்பது ஒரு பாலிமர். அங்கே கொல்வது அயோடின்தான், பாலிமர் சுமந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில சொட்டு மருந்துகளிலும் கண்வில்லை (கான்டாக்ட் லென்ஸ்) கரைசல்களிலும் கிருமி வளராமல் காக்கும் பாலிகுவாட்டர்னியம் நேர்மின்னூட்டப் பாலிமரேதான். அகந்தமீபா என்னும் அமீபாவால் வரும் கொடிய கருவிழி அழற்சிக்குப் பல ஆண்டுகளாகக் கண் மருத்துவர்கள் பயன்படுத்திவந்த பாலிஹெக்சனைடு என்ற பாலிமர், 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையான மருந்தாகவே ஒப்புதல் பெற்றுவிட்டது. அமீபாவுக்கு எதிராக ஒரு பாலிமரைக் கண்ணில் விடலாம் என்று ஓர் ஒழுங்குமுறை அமைப்பு ஏற்றுக்கொண்டபின், எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாவுக்கு எதிராக அதே அளவு அக்கறையோடு ஏன் சோதிக்கக் கூடாது என்று கேட்பதில் தவறில்லை.

இப்போது நான் மறுக்க விரும்பும் செய்திக்கு வருகிறேன். சவ்வைத் தாக்கும் மருந்துக்கு எதிராக எதிர்ப்புத்திறன் எழுவது கடினம், மெதுவானது, பாக்டீரியாவுக்கு இழப்புமிக்கது. இயலாதது அன்று. கொலிஸ்டின் என்ற பழைய மருந்து ஏறத்தாழ இதே வழியில்தான் வேலை செய்கிறது. அதன் உடன்பிறப்பான பாலிமிக்சின் பி இன்றும் கண் சொட்டு மருந்துகளில் இருக்கிறது. பாக்டீரியாவின் மேற்புறத்து எதிர்மின்னூட்டத்தைக் குறைத்து, அதைக் கொலிஸ்டினிலிருந்து தப்பவைக்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடிய வடிவில் இருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கும் இதே போன்ற தற்காப்பு உண்டு. இதில் என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது வேறொன்று. நம் கண்ணின் மேற்பரப்பைக் காக்கும் இயற்கைப் புரதத்துண்டுகளும் இதே மின்னூட்ட ஈர்ப்பையே நம்பியிருக்கின்றன. பாலிமரைக் கவனமின்றிப் பரப்பி, அதைத் தாங்கும் பாக்டீரியாக்களை நாமே தேர்ந்தெடுத்து வளர்த்தால், அவை நம் உடலின் இயல்பான காவலையும் தாண்டிவரப் பழகிவிடலாம். எதிர்ப்பே எழாது என்ற நம்பிக்கையோடு ஒரு மருந்தைக் கையில் கொடுத்தால் அதை எப்படிப் பயன்படுத்துவோம் என்பதை ஆன்டிபயாட்டிக்குகளின் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.

ஆய்வகச் சோதனைகளைப் பற்றியும் என் தொழில் அறிவிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். மேலே விவரித்த வில்லைச் சோதனையில் இந்தப் பாலிமர்களை வைத்தால், உண்மையில் ஆற்றல்மிக்க பாலிமர்கூடப் பயனற்றதாகத் தோன்றும். மூலக்கூறு பெரியது, நேர்மின்னூட்டம் கொண்டது, அகாருக்குள் ஒட்டிக்கொண்டு பரவாது. பாலிமிக்சினுக்கே இந்தச் சிக்கல் இருப்பதால்தான் அதைத் திரவ ஊடகத்தில், படிப்படியாக நீர்க்கச் செய்து சோதிக்கிறார்கள். இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. உப்பு குறைந்த ஊடகத்தில் அற்புதமாகக் கொல்லும் பாலிமர், கண்ணீரின் உப்பில் மின்னூட்டம் மறைக்கப்பட்டுப் பாதி வலுவிழக்கலாம். கண்ணீரில் இருக்கும் மியூசின் என்ற சளிப்பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் பாலிமரை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். (அதே ஒட்டும் தன்மையைச் சாதகமாக்கி, மருந்தைக் கண்ணில் நெடுநேரம் தங்கவைக்கவும் முடியும் என்பதால் இதை முழுக்கக் குறை என்றும் சொல்லிவிட முடியாது.) ஆகவே ஒரு பாலிமர் பாக்டீரியாவைக் கொன்றது என்று படிக்கும்போது, எந்தத் திரவத்தில் கொன்றது என்று கேட்காமல் நம்பக் கூடாது.

நேரமும் அப்படியே. கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர். நாம் விடும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கொள்ளாதது கன்னத்தில் வழிகிறது. கொண்டதையும் இமைப்பும் புதுக்கண்ணீரும் சில நிமிடங்களில் கழுவிவிடுகின்றன. கருவிழிக்குள் சென்று சேர்வது சொட்டில் நூற்றில் 5 பங்குக்கும் குறைவு. நிமிடங்களில் கொல்லும் மருந்துக்கு இங்கே இருக்கும் மதிப்பு உடலின் வேறெந்த இடத்திலும் இராது. இரவெல்லாம் மணிக்கொரு முறை எழுப்பப்பட்டு, கண்ணைத் திறக்கவே அஞ்சும் நோயாளிக்கு, அதை நான்கு மணிக்கொரு முறை என்று மாற்ற முடிந்தால் அதுவே பெரிய விடுதலை.

நச்சுத்தன்மைச் சோதனைகள் சிவப்பணுக்களோடு நின்றுவிடக் கூடாது. கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காக அமைந்திருக்கும் செல்கள் மனிதரில் மீண்டும் பெருகுவதில்லை. அவைதான் நீரை வெளியேற்றிக் கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கின்றன. ஆழமான புண்ணின் வழியே பாலிமர் அந்த அடுக்கை எட்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்தாக வேண்டும். கண்ணுக்குள்ளேயே தொற்று புகுந்த நிலையில், விழித்திரைக்கு அருகில் சவ்வைக் கிழிக்கும் மருந்தைச் செலுத்துவதை நான் இப்போதைக்கு ஆதரிக்க மாட்டேன்.

கிருமி செத்தால் கண் பிழைத்தது என்று பொருளாகாது என்பதற்கு ஒரு சான்று. கருவிழிப் புண்ணில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் சேர்த்து அழற்சியைக் குறைத்தால் பார்வை மேம்படுமா என்று 500 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளிவந்த பெரிய சோதனையில், மூன்று மாதங்களுக்குப்பின் ஒட்டுமொத்தமாகப் பார்வையில் வேறுபாடு காணப்படவில்லை. தழும்பை வெல்வது அத்தனை எளிதன்று. பாலிமரால் கிழிபடும் பாக்டீரியாவிலிருந்து சிதறும் நச்சுப்பொருள்கள் அழற்சியைக் கூட்டுமா, அல்லது அதே பாலிமர் அந்த நச்சையும் பற்றி அடக்கிவிடுமா என்பது ஒவ்வொரு பாலிமருக்கும் தனித்தனியே விடை காண வேண்டியது. எனவே மனிதர்களிடம் நடக்கும் சோதனை, எத்தனை கிருமிகள் அழிந்தன என்பதைவிட, எழுத்துப் பலகையில் நோயாளி எத்தனையாவது வரிவரை படிக்கிறார் என்பதையே அளக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்ய யார் முன்வருவார்கள் என்ற கேள்வி எளிதானதன்று. இரண்டு மூன்று வாரங்கள் மட்டுமே பயன்படும் சொட்டு மருந்து, நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் உண்ணும் மாத்திரையைப் போல் இலாபம் தராது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளுக்கான புதிய ஆன்டிபயாட்டிக் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2018-இல் ஒப்புதல் பெற்ற நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலாகிப்போனது. எப்சிலான் பாலிலைசின் போன்ற பழைய, யாரும் தயாரிக்கக்கூடிய பொருள்மீது தனியார் முதலீடு பாயும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பொதுப்பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களும் பெரிய கண் மருத்துவமனைகளும் சேர்ந்து, இப்போது வழங்கப்படும் செறிவூட்டிய ஆன்டிபயாட்டிக் சொட்டுகளோடு பாலிமரை நேருக்கு நேர் ஒப்பிடும் சோதனையை நடத்துவதே வழி. கருவிழிப் புண்ணுக்கான பல பெரிய சோதனைகள் அவ்வாறுதான் நடந்திருக்கின்றன.

அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2023-இல் அமெரிக்காவில், கிருமி வளராமல் காக்கும் பதப்படுத்தும் பொருள் சேர்க்காமல், பலமுறை பயன்படுத்தும் குப்பியில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடையதாக, கார்பாபெனெம் என்ற வலிமைமிக்க ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் பரவியது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், நால்வரின் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று, நால்வர் இறந்தார்கள். கண் வறட்சிக்கு ஆறுதல் தேடி விட்ட சொட்டு அது. பதப்படுத்தும் பொருள்களில் பெரிதும் பயன்படும் பென்சல்கோனியம் குளோரைடு கருவிழியின் மேற்தோலைப் புண்படுத்துகிறது என்பதால் அதைத் தவிர்க்கும் போக்கு நியாயமானதே. ஆனால் பலநாள் பயன்படுத்தும் குப்பியை எந்தக் காவலும் இல்லாமல் விடுவது அதற்கு மாற்றாகாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகள், கிருமி உள்ளே செல்லவிடாத மூடிகள், மென்மையான பாலிமர்ப் பதப்படுத்திகள் என்று வழிகள் இருக்கின்றன. தொழிற்சாலையின் தூய்மை குறைந்தால் அவற்றில் எதுவும் முழுக் காப்பாகாது என்பதும் உண்மை.

தங்கள் வாசகர்களின் பொருட்டு ஓர் எச்சரிக்கையையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இக்கடிதத்தில் வரும் பெயர்களைப் பார்த்துவிட்டு எவரும் தோலுக்கான பொவிடோன் அயோடினையோ கண்வில்லைக் கரைசலையோ தாமே கண்ணில் விட்டுக்கொள்ளக் கூடாது. தோலைக் கழுவும் வகையில் சோப்புத்தன்மையுள்ள பொருள் கலந்திருக்கும்; அது கருவிழியைக் கெடுக்கும். கண் சிவந்து, வலித்து, ஒளியைக் கண்டு கூசி, கருவிழியில் வெண்புள்ளி தென்பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்வில்லை அணிபவராக இருந்தால் அதையும் அதன் பெட்டியையும் எறிந்துவிடாமல் கையோடு கொண்டு செல்ல வேண்டும். புண்ணிலிருந்து கிருமி வளராமற்போன எத்தனையோ நேர்வுகளில், பெட்டியின் அடியில் தேங்கிய கரைசலிலிருந்துதான் எங்களுக்கு விடை கிடைத்தது.

தங்கள் நாளிதழ் இந்தப் பொருளை மீண்டும் எடுத்து, கண் மருத்துவர் ஒருவரிடமும் நுண்ணுயிரியலாளர் ஒருவரிடமும் கேட்டு, விரிவாக எழுத வேண்டுமென்று வேண்டுகிறேன். எதிர்ப்புத்திறன் எழவே எழாது என்ற வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வாளர்